லாரிக்கு முந்திய கிழங்கு

ஆவணி 30, செவ்வாய்

மூட்டம். சங்கராபுரம் தாண்டியதும் தூறல்.

இட ஒதுக்கீடு கேட்டு வியாழன் முதல் சாலை மறியல். உளுந்தூர்பேட்டைப் பக்கம் இப்போதே லாரி கம்மி. நம் ஜவ்வரிசி ஆலைக்கு மலை மரவள்ளி ஏற்ற வேண்டிய நாளும் வியாழன்தான்.

செய்ய வேண்டியவை: டீசல். அறுந்த பெல்ட். வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பல்: லாரி வராது, யாரும் கிழங்கு தோண்ட வேண்டாம். தோண்டினால் மூன்றே நாளில் கறுத்துவிடும்.

கண்டக்டர்: "நான் சொல்லிட்றேன். நீங்க இன்னாத்துக்கு சார் பயந்துகினு?" நிம்மதி.

புரட்டாசி 1, வியாழன்

வெயில். ரோட்டின் குறுக்கே புளியமரங்கள். சைக்கிள்கூடப் போகவில்லை. ஆலை மூடல்.

சும்மா இருக்க முடியாமல் மலைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தைப் படித்தேன். நான்காவது ஷரத்து, நானே எழுதியது: குறித்த தேதியில் கிழங்கு தோண்டித் தயாராக இல்லையென்றால் லாரியில் ஏற்றும் முறை கடைசிக்குப் போகும். போன வருடம் லாரி அரை நாள் காத்துக் கிடந்ததால் போட்டது. முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கும் பெருமை.

இந்த முறை தோண்டியிருக்க மாட்டார்கள். அதுதான் சொல்லி அனுப்பினேனே.

புரட்டாசி 8, வியாழன்

மறியல் முடிந்தது. டிரைவரோடு லாரியில் மேலே. மூன்று இடத்தில் இறங்கி மரத்தைத் தள்ளினோம்.

எல்லோரும் தோண்டியிருக்கிறார்கள். அடக் கடவுளே.

பொன்னம்மா, கணவனை இழந்தவள். பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். ஒரு ஏக்கர், பத்து மாதப் பயிர், மொத்தமும் குவியலாக. ஒரு கிழங்கைப் பிளந்து பார்த்தேன். உள்ளே நரம்பு நரம்பாகக் கறுப்பு. புளித்த நாற்றம்.

கத்திவிட்டேன். "தோண்டாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்ல? காதுல வுழலியா?"

"வுழுந்துச்சிங்க. கண்டக்டரு வாயாலதான சொன்னாரு? காயிதத்துல தேதி இருக்குது, நான் கைநாட்டு வெச்சிருக்கறேன். லாரி வந்துட்டா என் முற பூடுமே? அதான் தேதிக்கு மொத நாளே தோண்டிட்டேன்."

டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். பயமுறுத்தினால் ஒழுங்காக நடப்பார்கள் என்று நினைத்து எழுதியவன் நான். பயந்தவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருட அனுபவம், மண்ணாங்கட்டி.

காலி லாரியில் திரும்பினோம்.

புரட்டாசி 9, வெள்ளி

முதலாளியோடு சண்டை. "நாமதான் சொல்லி அனுப்பிட்டமே, அப்புறம் நம்ம தப்பு இன்னா இருக்குது? வுடுய்யா."

விடவில்லை. புதுத் தாள் எழுதினேன். லாரி கிழங்குக் கொல்லையில் வந்து நின்ற பிறகே தோண்டல். காத்திருப்பது லாரியின் வேலை. முறை பறிப்பு கிடையாது. தேதி மாறினால் ஆலை ஆள் நேரில் போய் அவர்கள் கையிலுள்ள தாளிலேயே அடித்து எழுத வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவி கோமளாவிடம் படித்துக் காட்டினேன். "இத மொதல்லயே எழுதறதுக்கு இன்னாவாம் உங்களுக்கு?"

புரட்டாசி 11, ஞாயிறு

மழை. பஸ்ஸில் மேலே. குடை மறந்தேன்.

எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை. மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பொன்னம்மா கடைசி வரை நின்று கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதிருக்கறீங்க. எனக்கு வேணாங்க. திரும்ப நட கையில காசு இல்ல. பாப்பாவ பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்திட்டேன். நாளைக்கு ரெண்டு பேரும் காப்பித் தோட்டத்துக்கு கூலிக்குப் போறோம்."