தீட்டு இல்லாத சாவு

மைசூரு,
6.9.2025

திருப்பூரில் மாமனார் நிழலில் சுகமாக இருக்கும் தம்பி மதனுக்கு,

அக்கா பூங்குழலி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உன் நலத்தை அறிய எனக்கு ஆவல் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய் என்று என் மகள் மனிஷா கண்டுபிடித்துச் சொன்னாள். அதனால்தான் நீ வேலை செய்யும் பனியன் கம்பெனி விலாசத்துக்கு இந்தப் பதிவுத் தபால். வாங்கினேன் என்று தபால்காரரிடம் நீ கையெழுத்துப் போட்டாக வேண்டும். நாணயமாக நீ போடும் முதல் கையெழுத்து அதுவாக இருக்கட்டும்.

மனிஷா பத்தாவது படிக்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. போன மாதம் அவள் அப்பாவின் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படித்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முப்பத்தொன்றாவது பக்கத்தில் நிறுத்தி, மதன் மாமா ஏம்மா இப்படிச் சொன்னாங்க என்று கேட்டாள். அவளுக்கு நீயே சொல்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? அன்றைக்குத் தானும் அக்கா புருஷன் அய்யாவுவும் எந்தச் சாவுக்கும் போகவில்லை, மாதம்மா என்பவளோடு தங்கள் குடும்பத்துக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை என்று நீ கூண்டில் ஏறிச் சொன்னது இருக்கிறது. அதற்குக் கீழே, சொந்த மைத்துனர் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். காரணமா இல்லை? அடுத்த மாதம் உனக்கு நிச்சயதார்த்தம் இருந்தது. அந்தக் காரணத்தை யாரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

உனக்கு மறந்திருக்கலாம். கல்யாணம், விருந்து, மறுவீடு என்று பிறகு எத்தனையோ நல்ல காரியம் பார்த்துவிட்டாய். நான் ஞாபகப்படுத்துகிறேன்.

2019, மாசி மாதத்து வியாழக்கிழமை. நீயும் உன் மாமாவும் ஒரே கட்டடத்தில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். சாரம் சரியாகக் கட்டவில்லை, ஆள் விழுந்தால் யார் பொறுப்பு என்று காலையில் அவர் மேஸ்திரியோடு சண்டை போட்டார். ஊரே பார்த்தது. மத்தியானம் நம் பெரியக்கா மாதம்மாவின் வீட்டுக்காரர் சீனு உனக்குப் போன் செய்து, அவள் போய்விட்டாள், காமாலை முற்றிவிட்டது என்று சொன்னார். உன் மாமா தன் போனை வாட்ச்மேன் கொட்டகையில் சார்ஜில் போட்டது போட்டபடி இருக்க, உன் பைக்கில் ஏறிவிட்டார். அந்தப் போனை வைத்துத்தான் அவர் நாள் முழுவதும் அங்கேயே இருந்தார் என்று நிரூபித்தார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில், காவிரிக்கரையில், நீங்கள் இரண்டு பேரும் பெரியக்காவுக்குத் தோள் கொடுத்தீர்கள். இங்கே நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் மேஸ்திரியை எவனோ கம்பியால் அடித்துக் கொன்றான். அந்த நேரத்தில் நீங்கள் சுடுகாட்டில் நின்றீர்கள். சீனு வந்து சாட்சி சொன்னார். அவர் ஊர்க்காரர் ஒருவரும் சொன்னார். வேண்டியவர்கள் வேண்டியவருக்காகப் பேசுகிறார்கள் என்று தள்ளிவிட்டார்கள். ஏனென்றால் நீ இல்லை என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு பிணத்தையே மறைத்தாய்.

பெரியக்கா வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன அன்றைக்கு அப்பா என்ன செய்தார் என்பதாவது உனக்கு நினைவிருக்க வேண்டும். ஹனூர் வீட்டு முற்றத்தில் நம் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். அவ செத்துட்டா, தீட்டு இன்னைக்கோட கழிஞ்சுது, நாளைக்கு நெசமாவே செத்தாலும் எவனும் தலைக்கு ஊத்தக் கூடாது என்றார். ஊற்றினால் அவளை உறவென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படிப்பட்டவர் அந்த மாசியில் மைசூரில் என் வீட்டில் வந்து தங்கியிருந்தார்.

நீ கெட்டிக்காரன். ஆற்றிலேயே முழுகிவிட்டு, கடையில் வேறு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, முடி காய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தாய். உன் மாமா வாசல் குழாயடியில் போட்ட சட்டையோடு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அப்பா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார், என்ன இது என்று நான் பதறினேன். தண்ணீர் விழும் சத்தத்தில் அவர் என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். சாவுக்குப் போய்ட்டு ஒளிஞ்சு குளிச்சா செத்தவளுக்கு என்ன மரியாதை புள்ளே என்றார். அப்புறம் எல்லாத் துணியையும் துவைத்து அலசிப் போட்டார்.

எதிர்வீட்டு நஞ்சம்மா அதைப் பார்த்தார். பார்த்ததைக் கோர்ட்டில் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் நோடித்து ஹேளிதெ, ரக்த நோடலில்லா என்று இன்றைக்கும் சொல்கிறார். ரத்தத்தை அவர் பார்க்கவே இல்லை. ரத்தத்தைக் கழுவினான் என்று எழுதிக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். செத்தவளுக்காகக் குளித்த குளியல் கொலைக்குச் சாட்சியாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேல் கோர்ட்டில் அப்பீல் நவம்பர் பதினெட்டாம் தேதி வருகிறது. புது வக்கீல் சுசித்ரா என்ற அம்மா. சாட்சியை மறுபடி எடுக்க வேண்டும், வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்ப வேண்டும் என்று மனுப் போடப் போகிறார். அதற்கு உன் பிரமாணப் பத்திரம் வேண்டும். அன்று இருவரும் சாவுக்குப் போனோம், கோர்ட்டில் நான் மாற்றிச் சொன்னேன் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் போனால் சீனுவின் பேச்சு மறுபடியும் குப்பைக்குத்தான் போகும்.

அப்பா போய் ஆறு மாதம் ஆகிறது. இனி நீ பயப்பட உன் மாமனார் மட்டும்தான் மிச்சம். பத்து நாள் பார்ப்பேன். நீ வரவில்லையென்றால் அடுத்த கடிதம் அவர் பெயருக்குப் போகும். உனக்கு மாதம்மா என்று ஒரு அக்கா இருந்தாள், அவள் யாரைக் கட்டிக்கொண்டு போனாள், அவளை நீ எத்தனை முறை ஒளிந்து போய்ப் பார்த்தாய், எல்லாம் எழுதுவேன். என் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்போது உன் குடும்பம் மட்டும் கோலம் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த பாவத்துக்கு,
பூங்குழலி


மைசூரு,
24.9.2025

தம்பி மதனுக்கு,

நீ கையெழுத்துப் போட்ட தபால் அட்டை திரும்பி வந்தது. அதைத் தவிர ஒன்றும் வரவில்லை. உன் மனைவி ஸ்ரீதேவிதான் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். நீ நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஒரு கவரைப் பீரோவில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாய் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மாதம்மாங்கறது யாருங்க அண்ணி என்று கேட்டாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உன் வீட்டுக்காரரையே கேளம்மா என்று வைத்துவிட்டேன். உனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும், செத்துப்போன அக்காவின் பெயரைக்கூடப் பெண்டாட்டியிடம் நீ சொன்னதில்லை. அதை நினைத்து எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று நான் சமைக்கும் ஹாஸ்டலில் இருநூறு சப்பாத்தியையும் கருக்கிவிட்டேன். வார்டன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. போன கடிதத்தை மனிஷா போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். எப்படி எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்று பெருமையாக வக்கீலம்மாவிடம் காட்டினேன். மனிஷா கன்னடத்தில் சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போயிற்று. அக்கா மிரட்டினாள், தம்பி பயந்துபோய்ச் சொன்னான் என்று எதிர்த்தரப்பில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், வீட்டுக்காரரை வெளியே எடுக்கப் பார்க்கிறீர்களா, உள்ளேயே வைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாகிவிட்டது. கெடுவது நானாக இருந்தால் பரவாயில்லை, அவரல்லவா கெடுகிறார்.

அதனால் சொல்கிறேன். உன் மாமனாருக்கு நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் எழுத மாட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. யாராவது கேட்டால் இரண்டையும் காட்டு. நீ வந்தால் நீயாக வர வேண்டும். என்னிடம் இருந்த ஒரே தடியையும் கீழே போட்டுவிட்டேன், போதுமா?

கெஞ்சிக் கேட்க எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த வழக்கில் முதல் பொய் உன்னுடையதில்லை, என்னுடையது.

அன்று சாயங்காலம், மாப்பிள்ளை எதற்காக இந்த நேரத்தில் துணியோடு குளிக்கிறார் என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார். சிமெண்டுத் தூசிங்கப்பா என்றேன். மறுநாள் போலீஸ் வந்து அதையே கேட்டது. அப்பா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கொலைக்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்தும், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சிமெண்டுத் தூசி என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு கோர்ட்டில் உண்மையைச் சொன்னேன். முதலில் ஒன்று, இப்போது ஒன்றா என்று கேட்டார்கள். தீர்ப்பில் முப்பதாவது பக்கம் முழுக்க நான்தான் இருக்கிறேன். மனிஷா அதையும் படித்தாள். ஆனால் என்னிடம் உன்னைப் பற்றி மட்டும்தான் கேட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இத்தனை வருஷமாக உன்மேல் நான் வளர்த்த கோபத்தில் பாதி என்னுடைய பங்கு. மீதிப் பாதி உன்னுடையதுதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் மாற்றிச் சொன்னால் புருஷனுக்காகச் சொல்கிறாள் என்பார்கள். நீ மாற்றிச் சொன்னால் உனக்கு நஷ்டம்தான். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு எவனும் பொய் சொல்ல மாட்டான், அதனால் உன் பேச்சுதான் எடுபடும் என்கிறார் வக்கீலம்மா.

சனிக்கிழமை ஜெயிலுக்குப் போயிருந்தேன். உன் மாமாவுக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. உனக்கு எழுதியதைச் சொன்னதும் என்னைத்தான் திட்டினார். அவன் பாவம், வந்து சொன்னா அவனை உள்ள தள்ளிருவாங்க, எனக்குப் பழகிப்போச்சு, விட்டுரு புள்ளே என்றார். ஆறரை வருஷமாக அவர் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். முதல் வக்கீல் உன்னைக் குறுக்கு விசாரணையில் நெருக்கப் போனபோது வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தவரும் அவர்தான். இது உனக்குத் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரியும். நல்லவர்களைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உன்னை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அவர் சொன்னது உண்மைதானா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். மறைக்காமல் உனக்கு எழுதச் சொன்னார். பொய்ச்சாட்சி சொன்னதற்கு உன்மேல் வழக்கு வரலாம். வராமலும் போகலாம். வந்தால் தண்டனையும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் நீ உனக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். கேட்டுக்கொள். தெரிந்துகொண்டு வா.

அக்டோபர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலையில் வக்கீலம்மா தன் அலுவலகத்தில் இருப்பார். விலாசத்தைப் பின்பக்கம் மனிஷா கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறாள். நீ என்னைப் பார்க்க வேண்டியதில்லை. நான் அன்றைக்கு வேலைக்குப் போய்விடுவேன்.

பெரியவர்கள் கடிதத்தை ஆசீர்வாதம் சொல்லி முடிப்பார்கள். உனக்கு அதைச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை, பொய்யாக எழுத விரும்பவில்லை. ஒன்று மட்டும் என்னால் உறுதியாக எழுத முடியும். உன்னை உள்ளே போட்டால், உன் மாமனார் வருவாரோ மாட்டாரோ, நான் வருவேன். மனு எங்கே கொடுக்க வேண்டும், எத்தனை மணிக்கு வரிசையில் நின்றால் முதலில் கூப்பிடுவார்கள், எந்த ஜன்னலில் குரல் நன்றாகக் கேட்கும், எல்லாம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் வருவேன். உன்னைத் தனியாக விட மாட்டேன். வந்துவிடு, சாமி.

இப்படிக்கு,
அக்கா