மச்சானின் வாயில் ஓர் ‘ஓம்’

அன்புள்ள மச்சான்,

நீங்கள் போன பிறகு இங்கே பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கண்டியில் மழை, கட்டுகஸ்தோட்டையில் வாகன நெரிசல், எனக்குத் தொப்பை. உங்கள் தங்கை என்னைத் திட்டும்போது சமாதானம் பேச ஆளில்லை. மற்றபடி எல்லாரும் சுகம்.

பகலில் மாநகர சபைக் கிளார்க், மாலையில் நடிகர் என்று இருந்தவர் நீங்கள். மேடையில் முஸ்லிம் வியாபாரியாக வந்தீர்கள். கலகெதர நானா ஒருவர் தங்கள் ஆள் என்றே நம்பிப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பினார். யாழ்ப்பாண வாத்தியாராக வந்தீர்கள், பார்த்தவர் ஒருவர், “தம்பி எவடம், பருத்தித்துறையோ?” என்றார். கூசாமல் அவர்கள் பாணியிலேயே “ஓம்” என்றீர்கள். சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களில் பொலிஸ்காரர், பேயோட்டி, ஒருமுறை பிணம். ஆனால் நாம் வீட்டில் பேசும் கண்டித் தமிழைப் பேச உங்களை யாராவது கூப்பிட்டார்களா?

கடைசிப் படத்தில்தான் கூப்பிட்டார்கள். அதில் நீங்கள் கண்டிக் கிளார்க். அதிகாரி, “நீங்க இந்த ஊரா?” என்று கேட்கிறார். “ஆமாங்க. இந்த ஊர்தான்” என்கிறீர்கள். உங்களுக்கு அந்த ஒரே காட்சி. படம்பிடித்த அன்று தகரக் கூரையில் மழை அடித்து ஒலி கெட்டுவிட்டது. மறுபடி குரல் கொடுக்குமுன் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். என் குரல் உங்கள் குரலைப் போலவே இருக்கும் என்று யாரோ சொல்ல, என்னை அழைத்தார்கள். நானும் நடிகனாகிவிட்டேன், முகம் இல்லாமல். அதுதான் படத்துக்கும் நல்லது.

போன வாரம் ஒலிப்பதிவு அறைக்குப் போனேன். இயக்குநர் கொழும்பு வாலிபர், மரியாதையானவர்.

“அங்கிள், ‘ஆமாங்க’ வேணாம். ‘ஓம்’னு சொல்லுங்க.”

“ஏன் தம்பி?”

“படம் வெளிநாட்டு விழாவுக்குப் போகுது. ‘ஆமாங்க’ன்னா இந்தியாக்காரர்னு நினைச்சுருவாங்க. இலங்கைத் தமிழ்னா ‘ஓம்’தானே.”

“அப்ப நாங்க எந்த நாடு?”

“எனக்குத் தெரியும் அங்கிள். அவங்களுக்குத் தெரியாதே.”

‘ஓம்’ சொல்லிப் பார்த்தேன். ஒலிப்பதிவாளர் யாழ்ப்பாணத்துக்காரர். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

“அண்ணை, இது எங்கட ஓமும் இல்லை, உங்கட ஆமாவும் இல்லை. படத்தில அந்தாளின்ர வாய் கடைசியில திறந்தெல்லோ கிடக்கு. ‘ஓம்’ எண்டால் மூட வேணும்.”

இயக்குநர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பொருந்தலன்னா அந்த சீனையே வெட்டணும். வியாழக்கிழமை வாங்க, இன்னொருதரம் பார்ப்போம்.”

வீட்டில் சொன்னேன். உங்கள் தங்கை தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

“அண்ணன் வாயில ஓம் ஊட்டிட்டு வந்தீங்கன்னா சோறு வெளியிலதான்.”

“சீனையே வெட்டிட்டா?”

“வெட்டட்டும். வேற ஊரு ஆளா வர்றதுக்கு வராமலே இருக்கலாம்.”

அவள் சொல்லிவிட்டாள். உங்களுக்கு எப்படி, மச்சான்? பிணமாக வந்த நாடகத்தையே தெருச்சனத்தைக் கூட்டிவைத்துக் காட்டியவர் நீங்கள். ஒரு ‘ஓம்’ சொன்னால் உங்கள் முகம் வெளிநாடெல்லாம் போகும். நீங்களே இருந்தால் சொல்லியிருப்பீர்களோ? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

அதனால் நானே முடிவெடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அந்த அறைக்குப் போவேன். உங்கள் உதடு அசைகிறபடியேதான் பேசுவேன். வெட்டுகிறவர்கள் அதைக் காதால் கேட்ட பிறகு வெட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் குரலைத் தற்காலிகமாக வைத்திருக்கும்
தங்கை வீட்டுக்காரன்