ஐஸ் வண்டிக்கு எதுக்குச் சூடு

ரெட்டியார்பாளையம்,
மாட்டுப் பொங்கல் கழிஞ்ச வாரம்.

என் தங்கம் சுடருக்கு,

அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாம இருக்கறோம், நீ அந்த மாண்ட்ரியல் பனியில மூக்கு, காது, விரலு எல்லாம் எண்ணிக்கை குறையாம இருக்கறியான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. தினம் போன்ல பேசறோமே, கடுதாசி எதுக்குன்னு கேப்ப. போன்ல பேசினா உங்கப்பா பாதியில புடுங்கிக்கறாரு. நான் ஜெயிச்ச கதைய அவரு வாயால கேட்டா, ஏதோ அவரே பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். அதான் அவரு ஐஸ் ஏத்தப் போயிருக்கற நேரமாப் பாத்து எழுதறேன். எதிர்வீட்டு சுமலதாவோட தம்பி உங்க ஊருக்குத்தான் வராரு, தாளிப்பு வடகம் டப்பாவுக்குள்ளயே இதையும் மடிச்சு வெக்கறேன், வாசனை அடிச்சா பொறுத்துக்க. ஆமாண்டி, நான் ஜெயிச்சுட்டேன். உங்கப்பா தோத்துட்டாரு. தெருவே பாத்துச்சு.

பாதி உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் மொதல்லேர்ந்து சொன்னாத்தான் எனக்குத் திருப்தி. நீ போனதும் வீடு வெறிச்சுன்னு இருக்குதேன்னுதான நான் சமையக்கட்டுல இடியாப்பம் சுட்டு வாசல்ல மேஜை போட்டு விக்க ஆரம்பிச்சேன், உன் பேரையே வெச்சு 'சுடர் இடியாப்பம்'னு போர்டும் மாட்டினேன். இப்ப விடியறதுக்குள்ள தூக்குவாளியோட ஆளுங்க வந்து நிக்கறாங்க, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கற அந்த சொல்தா வீட்டம்மா கூட வெள்ளக்காரத் தெருவுலேர்ந்து ஆட்டோ வெச்சு ஆளனுப்பறாங்க. ஆனா மார்கழி பொறந்தா எனக்கு இளைப்பு வந்துடும். போன மார்கழியில ஆஸ்பத்திரியில மூஞ்சில மூடி போட்டு மருந்துப் புகை புடிக்கற அளவுக்குப் போச்சு. அன்னைக்கு உங்கப்பா பயந்த பயம் இருக்கே, என் கைய விடவே இல்ல. அதுலேர்ந்து ஒரே பாட்டு, பனியில எந்திரிச்சு அடுப்பு மூட்டறதுதான் ஒனக்கு ஆவல, போர்டைக் கழட்டு, கடைய மூடுன்னு. டாக்டர் புகை, தூசி, பனி மூணும் ஆவாதுன்னுதான் சொன்னாரு. இந்த மனுஷன் காதுல பனி மட்டும்தான் உழுந்துச்சு. இந்த வருஷம் மார்கழியோட சரி, தை பொறந்தா கடையே கெடையாதுன்னு ஒரே புடியா நின்னாரு. எனக்கு வயித்தெரிச்சல். இத்தனை வருஷத்துல என் கையால நானே ஆரம்பிச்சது அது ஒண்ணுதான் சுடரு.

இப்ப உங்கப்பாவோட குட்டியானை வண்டி வெவகாரத்துக்கு வரேன். நம்ம வீட்டுப் பக்கத்துச் சந்துலதான வண்டி நிக்குது. காலையில மொத அடி பின்னால வெக்கக் கூடாது, வெச்சா அன்னைக்குத் தொழில் பின்னாலதான் போவும்னு உங்கப்பாவுக்கு ஒரு சாத்திரம், நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து இருக்குது. அதனால ராத்திரி வந்ததும் ரிவர்ஸ்லயே சந்துக்குள்ள வுட்டு, வண்டி மூஞ்சி தெருவப் பாத்த மாதிரி நிறுத்துவாரு. மூஞ்சி தெருவப் பாத்தா பின்பக்கம் எதைப் பாக்கும்? என் சமையக்கட்டு ஜன்னலை. மத்த மாசத்துல சாவியத் திருகினதும் கெளம்பிடுவாரு, அதனால ஒண்ணும் தெரியல. மார்கழி வந்தா மட்டும் குளிருக்கு எஞ்சின் சூடாவணும்னு ஸ்டார்ட் பண்ணி வுட்டுட்டு, மப்ளரைக் காதோட சேத்துக் கட்டிக்கிட்டு, டீ குடிச்சு, பேப்பர் பூரா படிச்சு, சாமி கும்பிட்டு, அதுக்கப்புறம்தான் வண்டியில ஏறுவாரு. அவ்ளோ நேரமும் அது அங்க நின்னு உறுமிக்கிட்டே இருக்கும். வைத்திக்குப்பத்துக்கு மீனு வெக்க ஐஸ்பார் ஏத்திப் போற வண்டிடி அது! ஐஸைத் தூக்கிட்டுப் போற வண்டிக்குக் குளிருதாம்! மில்லு லாரியில கிளீனரா இருந்த காலத்துல படிச்ச பாடம் அது, அந்தக் காலத்து லாரிக்கு அது வேணும்தான், நான் இல்லேங்கல. அதையே புடிச்சுத் தொங்கினா எப்படி?

கார்த்திகையில நீ போன்ல பேசினப்ப, எங்க ஊர்ல ஐஸ்பெட்டிய வுடக் குளிரு, அப்படியும் கண்ணாடியில பனியச் சுரண்டிட்டு, ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் வுட்டு, மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடுவோம், ஓடினாத்தான் சீக்கிரம் சூடாவும், சும்மா நிறுத்தி வெச்சா டீசலும் வீணு புகையும் அதிகம், இங்க அபராதம் கூடப் போடுவாங்கன்னு சொன்னியே, அதுக்கு உங்கப்பா என்னா சொன்னாரு ஞாபகம் இருக்குதா? குளிர்னா என்னான்னு எனக்கே சொல்றியா, நம்ம விழுப்புரம் ரோட்டுப் பனியில வந்து ஓட்டிப் பாருன்னாரு. நான் அடக்க முடியாம சிரிச்சேன், அவருக்குக் கோவம் வந்துடுச்சு. நான் திருப்பிக் குடுத்திருப்பேன். ஆனா மாலை போட்டிருந்தாரே, சாமிகிட்ட சண்டை போடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். மண்டலம் பூராவும் நான் அடக்கி வெச்ச வார்த்தைங்களை மூட்டை கட்டினா இருமுடிய வுடப் பெருசா இருக்கும்.

அப்புறம் மார்கழியில இருமுடி கட்டி, குருசாமி கூட பஸ்ல மலைக்குப் போனாரு. வண்டி தார்ப்பாயப் போத்திக்கிட்டு சந்துலயே தூங்குச்சு. அந்த நாலஞ்சு நாளும் இங்க பனின்னா அப்படி ஒரு பனி, எதிர்வீட்டு வாசல் கூடத் தெரியல. சுமலதா வந்து, அண்ணி, அண்ணன் வர வரைக்குமாவது கடைய நிறுத்துங்கன்னு கெஞ்சினா. நான் கேக்கல. சொன்னா நம்ப மாட்ட, ஒரு இளைப்பு இல்லடி. ஒரு இருமல் இல்ல. இளைப்புக்கு வாயில வெச்சு இழுக்கற பம்ப்பு இடுப்புச் சுருக்குப் பையிலயே கெடந்துச்சு. மலையிலேர்ந்து வந்து மாலையக் கழட்டினாரு, மறுநாள் காலையில வண்டிய உறும வுட்டாரு, நான் இடியாப்ப உரலைப் புழிஞ்சுக்கிட்டே நிக்கறேன், நெஞ்சு கீச்சு கீச்சுங்குது. அப்பதான் எனக்கு மண்டையில ஒறைச்சுச்சு. நீ சொன்ன புகை. மாவுக் கையோட ஜன்னலைத் தொட்டுப் பாத்தேன், கம்பிக்கு வெளிப்பக்கமெல்லாம் கரி. உரலை அப்படியே வெச்சுட்டு சந்துக்குப் போயி வண்டியோட சாவிய உருவிட்டேன். பனி எனக்கு ஒண்ணும் பண்ணல, உங்க வண்டிதான் என் மூச்சப் புடிக்குதுன்னேன். மாலையக் கழட்டிட்டாரு இல்ல, இனிமே எனக்கு என்னா பயம், மண்டலத்துக்குச் சேத்து வெச்சதையெல்லாம் கொட்டினேன்.

அவரு ஒத்துக்கல. சூடு காட்டாம எடுத்தா எஞ்சின் ஜாமாயிடும், நடு ரோட்டுல ஐஸ் கரைஞ்சு நான் தெருவுல நிக்கணுமான்னாரு. சரி பந்தயம்னு சொன்னேன். போகி வரைக்கும் சூடு காட்டாம எடுங்க. வண்டி படுத்துக்கிச்சுன்னா நானே ஏணி போட்டு போர்டைக் கழட்டறேன். படுக்கலன்னா இனி ஜென்மத்துக்கும் கடைய மூடச் சொல்லக் கூடாது, என் ஜன்னலாண்ட உறும வுடவும் கூடாது. சுமலதாதான் சாட்சி. உங்கப்பா சிரிச்சுக்கிட்டே கைய அடிச்சாரு, ஏணி எங்க இருக்குதுன்னு வேற கேட்டாரு. கொழுப்பப் பாரு!

மொத நாள் எடுத்தாரு, மூஞ்சிய எழவு வீட்டுக்குப் போறவரு மாதிரி வெச்சுக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து போனாரு. ஒண்ணும் ஆவல. அடுத்த நாளும் ஒண்ணும் ஆவல. அதுக்கடுத்த நாள் ஒரு சத்தம் கேக்குதுன்னாரு, எனக்குக் கேக்கலன்னேன். போகிக்கு மொத நாள் காலையில பாத்தா, சாவியத் திருகறாரு, வண்டி கிர்னு முனகிட்டு அப்படியே அடங்கிப் போச்சு. நான் உரலை அப்படியே வெச்சுட்டு வாசலுக்கு ஓடினேன் சுடரு. அவரு எறங்கி வந்து தெருவுக்கே கேக்கற மாதிரி, பாத்தீங்களா, பாத்தீங்களா, சூடு காட்டலன்னதும் படுத்துக்கிச்சுன்னு கைய ஆட்டறாரு. இடியாப்பம் வாங்க வந்தவங்க எல்லாம் என் மூஞ்சியவே பாக்கறாங்க. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல, ஏங்க, ஸ்டார்ட்டே ஆவாத வண்டிய எப்படிங்க சூடு காட்டுவீங்க, ஸ்டார்ட் ஆனாத்தான சூடே காட்ட முடியும்னு கேட்டேன். தெருவே கொல்லுன்னு சிரிச்சுச்சு. அதுக்குள்ள சுமலதா வண்டிக் கதவத் தொறந்து எட்டிப் பாத்துட்டு, தணிகாசலம் அண்ணே, உள்ள லைட்டு சுவிட்சு போட்டபடியே இருக்குதே, ராப்பூரா எரிஞ்சிருக்குதுன்னா. முந்தின ராத்திரி மப்ளரைத் தேடறேன்னு போட்டவரு அணைக்க மறந்துட்டாரு, பேட்டரி எறங்கிப் போச்சு!

ஐஸ் கம்பெனியில நேரமாயிடுச்சுன்னு போன் மேல போன் வருது. வேற வழியில்லாம வந்தவங்க எல்லாம் தூக்குவாளிய என் மேஜையில வெச்சுட்டு வண்டியத் தள்ளினாங்க, நானும் மாவுக் கையோட தள்ளினேன். தெருமுனையில டபக்குன்னு புடிச்சுக்கிச்சு. நேரம் வேற ஆயிடுச்சு, அணைச்சா மறுபடி தள்ளணும், அதனால உங்கப்பாவால டீயும் குடிக்க முடியல, பேப்பரும் படிக்க முடியல, மப்ளர் கூட தெருவுலயே உழுந்துடுச்சு, பச்சைத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருந்த எஞ்சினோட நேரா ஐஸ் கம்பெனிக்குப் போயி, அங்கேர்ந்து வைத்திக்குப்பமும் போயிட்டாரு. நான் நடுத்தெருவுல நின்னு கையத் தட்டினேன். எல்லாரும் தட்டினாங்க. அன்னைக்கு இடியாப்பம் ஒரு தட்டு கூட மிஞ்சல.

மதியம் வந்தாரு. குளிச்சாரு, சாப்ட ஒக்காந்தாரு. ரசத்துக்கு வரப்போ மெதுவா, வண்டி நல்லாத்தான் ஓடிச்சுன்னாரு. நான் என்னா சொன்னீங்கன்னேன். ஓடிச்சுன்னாரு. சுமலதா வீட்டுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்கன்னேன். அன்னக்கிளி, சோத்தப் போடுறியான்னு கத்தினாரு. அது போதும் எனக்கு. போன பொங்கலுக்குப் பானை பொங்கறப்ப மூச்சு இல்லாம ஓரமா ஒக்காந்து நான் வாய மட்டும் அசைச்சேன், நீ வீடியோவுல பாத்துட்டு அழுத. இந்தப் பொங்கலுக்குப் பானை பொங்கினப்ப நான் பொங்கலோ பொங்கல்னு போட்ட சத்தத்துல காக்கா பறந்துடுச்சு. மூணு வாட்டி கத்தினேன். இன்னும் மூச்சு மிச்சம் இருந்துச்சு.

இன்னொண்ணு இருக்குது, அதச் சொல்லத்தான் இவ்ளோ எழுதினேன். மாட்டுப் பொங்கலுக்கு வண்டியக் கழுவி, பொட்டு வெச்சு, மாலை போட்டாரு. ராத்திரி பாத்தா, வண்டிய மூஞ்சி உள்ள, என் ஜன்னலைப் பாத்த மாதிரி நிறுத்தியிருக்காரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பந்தயத்துல அது இல்லவே இல்லையே, நான் கேக்கவும் இல்லையே. ஸ்டார்ட் பண்றப்ப வர அந்தக் கொஞ்சம் புகை கூட உனக்கு எதுக்குன்னாரு. காலையில உங்க சாத்திரம் என்னாத்துக்கு ஆவறதுன்னு கேட்டேன். இனிமே ஜன்னல்ல உன் அடுப்பு எரியறதப் பாத்துட்டுதான கெளம்பப் போறேன், அதைவுட என்னா சகுனம்னுட்டாரு. மறுநாள் விடியக்காலையில, உங்கப்பா மொத அடியப் பின்னால வெச்சு, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே சந்துலேர்ந்து ரிவர்ஸ்ல வெளிய போனாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. புகையால இல்ல.

சரி, நான் சொல்றத ஞாபகம் வெச்சுக்க. கண்ணாடியில பனிய முழுசாச் சுரண்டாம வண்டிய எடுக்காத. மூடின ஷெட்டுக்குள்ள வண்டிய ஓட வுட்டுட்டு நிக்காத, அந்தப் புகை ஆளையே கொன்னுடும். பின்னால குழாய்ல பனி அடைச்சிருக்குதான்னு குனிஞ்சு பாரு. வடகத்தை வத்தக் கொழம்புக்குப் போடு, வெறும் முட்டையில போட்டு வீணாக்காத. அப்பாகிட்ட போன் பண்றப்ப கிண்டல் பண்ணாத, பாவம். ஒரு தடவ மட்டும் பண்ணு, நான் ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறேன். அப்பா மலையேறிப் பாத்துட்டு வந்த ஐயப்பனும் நம்ம கொலசாமியும் உன்ன எந்தக் குளிரும் அண்டாம காப்பாத்தட்டும், நீ நூறு வருஷம் நல்லா மூச்சு வுட்டு வாழணும். வண்டிச் சத்தம் கேக்குது, வந்துட்டாரு, ஒளிச்சு வெக்கறேன்.

இப்படிக்கு,
போர்டைக் கழட்டாத உன் அம்மா
அன்னக்கிளி