மாடிப்படிப் பக்கம் திருப்பிய கேமரா

பல்லாவரம்
சனிக்கிழமை

அன்பு மகன் எட்மண்டுக்கு, அப்பா சின்னப்பன் சொந்தக் கையால் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் மனைவி கிருபாவும் சுகம், தோகா வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் மகள் எப்சி சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தோல் ஷெட்டில் நாற்பது வருடம் கைநாட்டு வைத்தவன் எழுபத்தொரு வயதில் கோயில் வகுப்பில் எழுதக் கற்றேன், அரைப் பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது போகிறது, ஆனாலும் இனிப்பாக இருக்கிறது. போனில் நான் வாயைத் திறந்தால் நீ வைத்துவிடுகிறாய், கடிதத்தில் முடியாது பார்.

போன செவ்வாய் ஊசிக்குப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் மூன்றாம் படியில் முழங்கால் மடங்கி எப்சி உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்காகக் கோகோ ஆடிய பெண். டாக்டரம்மா, இவ உடம்பு தளர்ந்ததுல கேன்சர் பாதி பண்ணுச்சு மீதிய நீங்க பண்ணிட்டீங்க, தாள் குடுத்தேனே யாரும் படிக்கலையா என்றார். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன், நான் முழுதாகப் படித்த முதல் தாள் அதுதான். காய்ச்சல் இல்லாத நாளில், டாக்டர் தடுக்காத நாளில், பிள்ளை தினமும் நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் உடம்பு இன்னும் தளரும் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. ஐந்து மாதம் அங்கேயே இருந்தது. நீ இன்ஜினியர், கிருபா பட்டதாரி, மருந்து நேரத்தை மட்டும் படித்தீர்கள். கூடத்தில் கட்டிலுக்கு எதிரே சுவரில் கேமரா வைத்தாய், அவள் எழுந்தால் போதும், போய்ப் படு என்று உன் குரல் சுவரிலிருந்து வரும். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளை வைத்துவிட்டுச் சுற்றி நின்று ஜெபிப்பார்கள், அவள் கண்மூடிக் கிடந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. உன்னை மட்டும் சொல்லவில்லை, தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்கவிடாமல் அதட்டியவன் நான். படிப்பில்லை என்று தப்பித்துக்கொள்ளலாம், மனம் கேட்கவில்லை.

டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு மறுநாளே அவளை நடக்கவைக்கத் தொடங்கினோம். அவள் நடப்பதைப் பார்த்த எதிர்வீட்டுத் தபீதாள், இன்னாடி உடம்பு சரியில்லாதவ உலாத்திகினு கீறே, உள்ள போய்ப் படு என்றாள். ஆன்ட்டி, படுத்துகினே இருந்தா சாவுப் பொட்டில வெச்சி மூடிடுவீங்க என்றாள் எப்சி. கிருபா அழுதாள், எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நானும் அழுதேன்.

நேற்று மாடிப்படியில் நான்கு படி ஏறினாள், மொத்தம் பதினாறு படி இருக்கிறது. இன்று காலை உன் கேமராவைத் திருப்பிவிட்டேன். இது வந்து சேர்வதற்குள் நீ போனில் திட்டி முடித்திருப்பாய், திட்டு. ஆனால் தினமும் சாயங்காலம் நம் ஊர் ஐந்து மணிக்குப் பார், கட்டில் தெரியாது, படி தெரியும். அவள் ஏறும்போது மட்டும் வாயைத் திறக்காதே. வேளைக்குச் சாப்பிடு, தேவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா
ம. சின்னப்பன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)