சாமியின் உத்தரவு

அண்ணே,

ஈப்போ மண்டபத்தில் நீ அழுது மன்னிப்புக் கேட்ட வீடியோவைப் பார்த்தேன். "இனிமே நான் யாருக்கும் சாமி இல்ல, உத்தரவும் சொல்ல மாட்டேன்" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள்.

இங்கே கோப்பெங்கில் யாரும் கைதட்டவில்லை. சர்க்கரை மாத்திரை வேண்டாம், திருநீறு போதும் என்று தோட்டத்துப் பஜனைக் கொட்டகையில் நீ சொன்ன உத்தரவை அம்மா இன்னும் காப்பாற்றுகிறாள். வலது காலை எடுத்த பிறகும்! தினமும் காலையில் மாத்திரையை உன் படத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்கிறாள். "சாமி இன்னும் சொல்லல" என்று திரும்ப டப்பாவில் போட்டுவிடுகிறாள்.

"அண்ணே மாறிடுச்சும்மா" என்றேன்.

"சாமி நம்மள சோதிக்குது" என்கிறாள்.

போனில் உன்னிடம் கெஞ்சினேன். "அம்மாவே முடிவு பண்ணட்டும். நான்தான் மாறிட்டேன்லா" என்றாய். எவ்வளவு வசதியான மாற்றம்!

எனக்கு நீ எதையும் நிரூபிக்க வேண்டாம். இடது காலிலும் புண் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா. அந்தக் காவியைக் கட்டிக்கொண்டு வந்து, அதே பழைய குரலில், மாத்திரையை விழுங்கச் சொல்.

அதற்குப் பிறகு மாறிக்கொள்.

இப்படிக்கு,
இனி உன் காலில் விழாத தங்கச்சி