குறையாத இருப்பு

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். இந்த ஒரு வரியை எழுத இந்த முறை எனக்கு ஒரு மாதம் பிடித்தது, அது உண்மை ஆன பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஏன் நம்புகிறேன் என்று இழுக்கிறேன் என்றால், நீ போனில் சொல்வதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது தெரிந்துவிட்டது. நேராகவே கேட்கிறேன். போன வருடம் நீ அனுப்பிய பார்சலில் அம்மாவுக்கு ஸ்வெட்டர், எனக்குச் செருப்பு, அதற்கெல்லாம் அடியில் பன்னிரண்டு டார்ச் பேட்டரிகள் இருந்தன. எதற்கு என்று கேட்டேன், கடிகாரத்துக்கு என்றாய். நம் வீட்டில் இருப்பது ஒரே கடிகாரம், அதற்குள் டார்ச் பேட்டரி நுழையவே நுழையாது. முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவனிடம் இப்படியா கதை விடுவாய்? அன்றைக்கே எனக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் அப்போது நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது வேறு ஒருவரை, அதனால் உன்னை விட்டுவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தைப் பற்றி நாங்கள் உனக்குப் பாதிதான் சொன்னோம். மூன்று நாள் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. யார் வாசலில் வந்து நின்றாலும் அம்மா மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குடிதண்ணீர் என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்கே மூச்சு இழுத்தது. மருந்துப் புகை பிடிக்கும் மெஷின் கரண்ட் இல்லாமல் சும்மா கிடந்தது. படகில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தப் படகில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இனி என் வீட்டில் இல்லை என்ற சொல்லே வரக்கூடாது என்று முடிவு செய்தேன். வீடு திரும்பியதும் பின்னறையைக் காலி செய்து இரும்பு அலமாரி போட்டேன். தண்ணீர் கேன் எட்டு, தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரை, பேட்டரி, டார்ச், சின்ன கேஸ் அடுப்பு, பால் பவுடர், பிஸ்கட், கயிறு, விசில், காயத்துக்கு மருந்து, அம்மாவின் மெஷினை ஓட்டக் கையில் தூக்கிப் போகிற சின்ன இன்வெர்ட்டர் ஒன்று. கதவுக்குப் பூட்டு. பெட்டிகளின் மேல் வேண்டுமென்றே தப்பாக எழுதி ஒட்டினேன். பேட்டரி இருக்கும் டப்பாவில் தையல் நூல் என்றும், இன்வெர்ட்டர் இருக்கும் பெட்டியில் பழைய காலண்டர் என்றும் எழுதினேன். திருடன் உள்ளே வந்தாலும் பழைய காலண்டரை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? எதில் எது என்பது என் நோட்டில் மட்டும் இருந்தது. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மழைக்கே தெரு முழுவதற்கும் விநியோகம் ஆரம்பித்துவிடுவாள்.

மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக்கை உனக்குத் தெரியும், போன தடவை வந்தபோது உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாரே, அவர்தான். நாற்பது வயது, தனி ஆள், யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். காரணமில்லாமல் சிரிக்கிற ஆளிடம் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு. குடிவந்த மூன்றாம் மாதமே, பின்ரூம்ல என்ன சார் வச்சிருக்கீங்க, காத்தோட்டம் இருக்கா என்று கேட்டார். காற்றோட்டத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அதற்குப் பிறகு அலமாரியில் சில மாற்றங்கள் தெரிய ஆரம்பித்தன. நான் கயிற்றை வலப்பக்கம் சுற்றி வைப்பேன், இடப்பக்கம் சுற்றியிருக்கும். கேன் மூடிகள் இறுக்கமாக இருக்கும், நான் அவ்வளவு இறுக்க மாட்டேன். நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது. எந்த ஸ்டோரிலும் எலி கடித்தது, உடைந்தது என்று ஏதாவது குறைந்தே தீரும். எதுவுமே குறையாத ஸ்டோரில்தான் பெரிய கை வேலை செய்கிறது என்று அர்த்தம். தரையில் முகப்பவுடரைத் தூவி வைத்தேன், காலடி பதியட்டும் என்று. மறுநாள் பார்த்தால் தரை பளபளவென்று இருந்தது. அம்மாதான், எவனோ பவுடரைக் கொட்டி வச்சிருக்கான், சறுக்கி விழுந்தா யார் பாக்கிறது என்று திட்டிக்கொண்டே துடைத்திருக்கிறாள். பூட்டை மாற்றினேன். பத்து நாளில் மறுபடி இடப்பக்கக் கயிறு. அதுவரை சாவியை மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை, குளிக்கப் போகும்போதுகூடக் கையோடு கொண்டுபோனேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிக் கையெழுத்துப் போட பென்ஷன் ஆபீசுக்குப் போனேன். வெளியே வரும்போது பகல் பன்னிரண்டு மணி, மழை கொட்டியது, பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குப் போன் போட்டால் போகவில்லை. நம் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஈரக் காற்றும் மழையும் சேர்ந்தால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அப்போதுதான் சட்டைப் பையில் கை வைத்தேன், சாவி இருந்தது. வேறு சாவி கிடையாது சின்னு. பின்னறைக் கதவை யாராவது உடைத்துத் திறந்தாலும், மூச்சு இழுக்கிறவள் இரும்பு அலமாரிக்கு முன்னால் நின்று பழைய காலண்டரை எதற்குத் திறப்பாள்? இடுப்பளவு தண்ணீரில் நாலு மணி நேரம் நடந்தேன். வழியில் செருப்பு போனது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பின்னறைக் கதவு. பூட்டு நெம்பித் தரையில் கிடந்தது. அந்த நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. அம்மா எங்கே என்று தேடவில்லை. கையும் களவுமா மாட்டினியா, வெளிய வாடா என்று கத்தினேன். கூடத்திலிருந்து மெக்கானிக் எமர்ஜென்சி விளக்கைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்து, சத்தம் போடாதீங்க சார், அக்கா இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்காங்க என்றார். அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள், முகத்தில் அந்த மாஸ்க், காலடியில் இன்வெர்ட்டர், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் விளக்குமாற்றுக் கட்டையால் மேல்தளத்தை இடித்து அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் ஸ்பானரோடு வந்து பூட்டை நெம்பி, நேராகப் பழைய காலண்டரைத் தூக்கியிருக்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன்.

மறுநாள் அம்மா சொல்லித்தான் குட்டு வெளிப்பட்டது. ஒரு வருடத்துக்கு முன்னால் நான் பகலில் தூங்கும்போது கரண்ட் போயிருக்கிறது. அம்மா கண்ணாடிக் கூட்டிலிருந்து சாவியை எடுத்துப் போய் டார்ச்சைப் போட்டால் எரியவில்லை. பேட்டரி கசிந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்திருக்கிறாள். கேன் தண்ணீர் நாறியது, மாத்திரைக்குக் காலம் கடந்திருந்தது, இன்வெர்ட்டருக்கு உயிரே இல்லை. நான் எல்லாவற்றையும் எண்ணினேன், ஒன்றைக்கூட ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை. தொழிற்சாலையிலும் அப்படித்தான், சரக்கை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இருந்தவன் நான். அன்றிலிருந்து, சாவி என் சட்டைப் பைக்குப் போகும் வரை, மாதம் ஒரு நாள் நான் குறட்டை விடும் நேரத்தில் அவளும் மெக்கானிக்கும் தண்ணீர் மாற்றி, இன்வெர்ட்டரை மாடிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே எண்ணிக்கை மாறாமல் வைத்திருக்கிறார்கள். கசிந்து போன பேட்டரிகள் பன்னிரண்டு. அவற்றுக்குப் பதில் வைத்த பன்னிரண்டும் எங்கிருந்து வந்தன என்று இனிமேல் நான் கேட்கத் தேவையில்லை. கடிகாரமாம்!

நீயும் அங்கே ஒரு பெட்டி வைத்துக்கொள். டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டு வைக்காதே, தனியாக வை. மாதம் ஒரு முறை எரியவிட்டுப் பார். தண்ணீரை மாற்று. உள்ளே என்ன இருக்கிறதோ அதையே பெரிய எழுத்தில் மேலே எழுது. குழந்தைக்கும் காட்டிக் கொடு. இன்னொரு சாவியைப் பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஆளிடம் கொடு. நம்பிக்கையான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னைக் கேட்காதே, எனக்கு அதில் பழக்கம் இல்லை. மெக்கானிக் விஷயத்திலேயே, இவ்வளவு நல்லவராக இருப்பதில் அவருக்கு என்ன லாபம் என்று நேற்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதற்கும் சிரித்தார்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். பேட்டரி கெட்டுப்போச்சு என்று அம்மா என்னிடமே சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் என் வீட்டில் என் மனைவி திருடி மாதிரி நடந்திருக்கிறாள். அவளுக்கு என்னிடம் பயமா? உன்னிடம் எப்போதாவது அப்படிச் சொன்னாளா? பொய் சொல்லாமல் எழுது. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் மேஜைமேல் வைக்கிறேன், அவளும் படிக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். டார்ச்சை இன்றைக்கே போட்டுப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா

சின்னு, படித்தேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. ஒன்று சொன்னால் உன் அப்பா ஒன்பது கேள்வி கேட்பார், பதில் சொல்ல எனக்கு மூச்சு வேண்டாமா? — அம்மா