முள்மேல் போட்ட பழி

12.8.2007, ஞாயிறு

மகன் நாளை என் பழைய பைக்கைக் கொடுத்துவிட்டு எனக்குப் புதியது எடுக்கிறான். "அப்பா, இதுல எல்லாம் டிஜிட்டல். ஸ்பீடு பெரிய நம்பரா வரும். இனிமே ஸ்பீடாமீட்டர் முள்ளு தெரியலன்னு விழ மாட்டீங்க" என்று சிரித்தான்.

முள் எனக்கு நன்றாகவே தெரியும். வாத்தியார் கண்ணுக்கு எண் என்பது மார்க் ஷீட் மாதிரி, முடிவை மட்டும் சொல்லும். முள்ளோ பதில் சொல்ல எழுந்து நிற்கும் மாணவனின் முகம், தயக்கமும் தெரியும்.

போன மாதம் பீர்க்கன்கரணை ஏரி வளைவில் விழுந்தது தலைசுற்றலால். சொன்னால் இனி வண்டியே ஓட்ட விடமாட்டான் என்று பயந்து, முள்மேல் பழி போட்டேன். தப்பு செய்த பையன் பக்கத்தில் இருப்பவனைக் காட்டுவது போல.

பழைய வண்டியைக் கொடுப்பதற்கான படிவத்தை மகன் நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். இப்போது உண்மையைச் சொன்னால் இரண்டு வண்டியும் இல்லை.

சாயங்காலம் பழைய பைக்கை வாசலில் நிறுத்தியபடியே ஒருமுறை கிளப்பிப் பார்த்தேன். முள் பூஜ்யத்திலேயே நின்று நடுங்கியது. அணைத்துவிட்டேன்.